தரகர் இல்லை, சரி. அவர் வேலையை யார் செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்து வீடுகளுக்குத் தங்கள் பத்திரிகையில் வரும் வரி விளம்பரங்களில் 'நேரடி விற்பனை. தரகர்கள் தொடர்பு கொள்ள வேண்டாம்' என்ற வரி இப்போது வழக்கமாகிவிட்டது. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீத கமிஷன் என்றால் 80 ஆயிரம். அதை மிச்சம் பிடிக்க நினைப்பதில் தவறில்லை. ஆனால் தரகர் அந்தப் பணத்துக்கு ஏதோ கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருந்தார். பத்திர ஜெராக்ஸ் வாங்கித் தருவார், திருப்பூரில் இருக்கும் விற்பவரின் தங்கையைக் கையெழுத்துக்கு வரவழைப்பார், பேச்சு முறிந்தால் முன்பணத்தில் பாதியையாவது திருப்பி வாங்கித் தருவார். அவரை விலக்கினால் இவ்வளவும் வாங்குபவர் தலையில் விழும். பத்திரப் பதிவு நாளை நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அன்றைக்குச் சார்பதிவாளராவது எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பணம் மாட்டிக்கொள்வது அதற்கு மூன்று மாதம் முன்பு, விற்பவர் வீட்டு ஹாலில் காபி குடித்துவிட்டு 'டோக்கன் அட்வான்ஸ்' கொடுக்கும் நாளில். ஆகவே பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் அந்த நாளுக்கு முன்பே பார்த்து முடிக்க வேண்டும்.

வீடு பிடித்துவிட்டது என்றால் முதலில் கேட்க வேண்டியது பத்திர நகல்கள். விலை பேசுவது பிறகு. விற்பவர் பெயரிலுள்ள கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், கட்டிட வரைபட அனுமதி, கடைசி சொத்துவரி ரசீது, மின் கட்டண அட்டை எண் எல்லாம் வேண்டும். நகல் தரத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேசுவது வீண். நகல் கையில் வந்ததும் அசலையும் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஆவண எண், சார்பதிவாளர் முத்திரை, கையொப்பம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். 'அசல் தொலைந்துவிட்டது' என்று சொன்னால், பெரும்பாலும் அது யாரோ ஒரு பைனான்ஸ்காரரின் பீரோவில் இருக்கும். உண்மையிலேயே தொலைந்திருந்தால் காவல் நிலையப் புகாரும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும், பத்திரிகை அறிவிப்பும் இருக்க வேண்டும். அதை விற்பவர் முடித்துக்கொண்டு வரட்டும். வாங்குபவர் அலையக் கூடாது.

சொத்தின் மீது பதிவான கிரையம், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வங்கிகள் 30 வருடத்துக்குக் கேட்கின்றன; கடன் வாங்காவிட்டாலும் அதே 30 வருடத்துக்குப் போடுங்கள். கணினியில் ஏறாத பழைய வருடங்களுக்கு அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். இங்கே நிறையப் பேர் ஒரே தவறைச் செய்கிறார்கள். இப்போதைய சர்வே எண் 125/2 என்றால் அதை மட்டும் போட்டுத் தேடிவிட்டு 'வில்லங்கம் சுத்தம்' என்று நிம்மதியடைகிறார்கள். உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த அடமானமும் கிரையமும் 125 என்ற தாய் எண்ணில்தான் பதிவாகியிருக்கும். இரண்டிலும் தேட வேண்டும். நகரத்துக்குள் என்றால் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) ஒரு முறை, பழைய சர்வே எண் ஒரு முறை. அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும்.

இவ்வளவு தேடியும் வில்லங்கச் சான்றில் வராத விஷயங்கள் உண்டு. பதிவு செய்யாத உயில், கூர்ச்சீட்டு (குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பங்குச் சீட்டு), வாய்மொழிப் பாகப்பிரிவினை, அசல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வாங்கிய கைமாற்று, நிலுவையிலுள்ள வழக்கு எதுவும் அதில் தெரியாமல் போகலாம். முஸ்லிம் குடும்பங்களில் வாய்மொழியாகக் கொடுக்கும் ஹிபா என்ற தானம், சுவாதீனமும் கைமாறியிருந்தால் பதிவில்லாமலே செல்லும். ஆம்பூர், மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கம் வீடு பார்ப்பவர்கள் இதைக் குடும்பப் பெரியவர்களிடம் நேராகவே கேட்டுவிடுவது நல்லது. வழக்கு இருக்கிறதா என்று நீதிமன்றங்களின் இணையதளத்தில் விற்பவர் பெயரையும் அவர் தகப்பனார் பெயரையும் போட்டுத் தேடலாம். பெயரின் ஆங்கில எழுத்துகளை மூன்று நான்கு விதமாக மாற்றிப் போட வேண்டியிருக்கும். பத்து நிமிட வேலை.

வாரிசு விவகாரம்தான் வட ஆற்காட்டில் வீட்டுக் கிரையங்களைப் பெரும்பாலும் கவிழ்ப்பது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்த வீட்டை அண்ணன் தம்பி இருவர் மட்டும் விற்க வருவார்கள். 'தங்கச்சிக்குச் சீர் செய்தாச்சு' என்பார்கள். சீருக்கும் பங்குக்கும் சட்டத்தில் சம்பந்தமே இல்லை. இந்துக் குடும்பத்தில் தகப்பனார் தானே சம்பாதித்த சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் 25-3-1989-க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு உரிமை கொடுத்தது. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தமும் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மீதியிருந்த சந்தேகத்தைத் தீர்த்துவிட்டன. எல்லா மகள்களும் கிரையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது முன்னதாகவே பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிய 'ஆட்சேபனை இல்லை' கடிதம் எதற்கும் உதவாது.

வாரிசுச் சான்றில் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இறந்தவரின் மனைவி மக்களோடு, அவர் இறந்தபோது அவருடைய தாயார் உயிருடன் இருந்தால் அவரும் வாரிசு. அந்தத் தாயாரும் பிறகு உயில் எழுதாமல் காலமாகிவிட்டால், அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது இறந்தவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கு. வாரிசுச் சான்றில் தாயார் பெயர் இருந்தால் அங்கேயே நின்று, அவர் இருக்கிறாரா, இல்லையென்றால் எப்போது தவறினார், யார் யார் பிள்ளைகள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளர்களில் ஒருவர் மைனர் என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். 'அம்மா கார்டியனாகப் போடுவார்' என்பது போதாது. மைனர் வயதுக்கு வந்த பிறகு மூன்று வருடத்துக்குள் அந்தக் கிரையத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். பெற்றோர் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்த வீட்டை மகன் விற்கிறார், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்கள் என்றால், பராமரிப்பு நிபந்தனை ஏதும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறதா என்று வரி விடாமல் படிக்க வேண்டும்.

உரிமையாளருக்குப் பதில் பவர் பத்திரத்தை (அதிகாரப் பத்திரம்) வைத்து விற்பவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே சாதாரணப் பவரும் முடிந்துவிடுகிறது. அவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றோடு, முடிந்தால் வீடியோ அழைப்பில் அவரிடமே ஒரு வார்த்தை பேசிவிடுவது உத்தமம். வளைகுடாவிலிருந்து வரும் பவர், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும்.

உள்ளூருக்கென்றே சில சங்கதிகள். பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு ஜில்லா' என்றும், 1989-க்குப் பிந்தையதில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றும், அதற்குப் பிறகு வேலூர் என்றும் இருக்கும். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன. மாவட்டப் பெயர் மாறியிருப்பதால் குறையில்லை; கிராமப் பெயரும் சர்வே எண்ணும் தொடர்ச்சியாக வருகிறதா என்பதே முக்கியம். சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற பகுதிகள் தனி உள்ளாட்சிகளாக இருந்து மாநகராட்சியில் சேர்ந்தவை. பழைய கதவு எண், புது கதவு எண் இரண்டையும் புதுப் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டு வசதி வாரிய வீடு என்றால், ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் காட்டினால் நம்பக் கூடாது. தவணை முழுக்கக் கட்டி, வாரியம் ஒதுக்கீடுதாரருக்குக் கிரையப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் இரண்டு கை மாறிய வீடுகளுக்கு முதல் ஒதுக்கீடுதாரரின் வாரிசுகளைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

மனைப்பிரிவு அங்கீகாரமில்லாதது என்றால் 20-10-2016 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் மறுபடி பதியலாம். ஆனால் வரன்முறை (அரசிடம் முறைப்படுத்திக்கொள்வது) செய்யாமல் கட்டிட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றதெல்லாம் இந்த வகைதான். இலவச வீட்டுமனைப் பட்டா என்றால், விற்பனைத் தடை நிபந்தனை அந்தப் பட்டாவிலேயே அச்சாகியிருக்கும். யாரும் படிப்பதில்லை. கோயில், வக்பு, நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவுத்துறை முடக்கி வைத்திருக்கும் சர்வே எண்களுக்கு வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த விலை) பூஜ்யம் என்று காட்டும். பணம் பேசுவதற்கு முன் அதையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்து அளவு. பத்திரத்தில் 'கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40, ஆக 1200 சதுர அடி' என்றிருக்கும். பட்டாவில் அதே மனை 1.11 ஏர் என்று வர வேண்டும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த மூன்று கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ இடம் குறைகிறது. பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு பக்கமும் அளக்க வேண்டும், இரண்டு பக்கம் மட்டும் போதாது. வடபுறம் 30 அடியும் தென்புறம் 28 அடியுமாக மனை கோணலாக இருந்தால் உண்மையான பரப்பு 29 பெருக்கல் 40, அதாவது 1160. சதுர அடி 2,500 ரூபாய் என்று பேசியிருந்தால், காணாமல் போன 40 சதுர அடியின் விலை ஒரு லட்சம். இரண்டு சதவீத கமிஷனைவிட இது பெரிய தொகை. தரகரை விலக்கிய மகிழ்ச்சியில் இதை விட்டுவிடுகிறார்கள். வேலூர் சைதாப்பேட்டை, கொசப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் பக்கத்துச் சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா என்பதும், மழைத்தண்ணீர் யார் பக்கம் விழுகிறது என்பதும் பத்திரத்தில் எழுதியிருக்கும். பொதுச்சுவர் என்றால் மேல்தளம் எழுப்பும்போது பக்கத்து வீட்டாரின் சம்மதமில்லாமல் கை வைக்க முடியாது.

கட்டிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொத்தனாரை அழைத்துப் போங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடிப்பக்கம், குளியலறைக் கூரை ஆகிய மூன்று இடங்களைத் தட்டிப் பார்த்தால் கம்பி துருப்பிடித்திருப்பது தெரிந்துவிடும். போர் மோட்டாரைக் கோடையில் அரை மணி நேரம் விடாமல் ஓட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் வேலூரில் எல்லா போரிலும்தான் தண்ணீர் வரும். மருத்துவமனை, கல்லூரி பக்கத்து வீடுகளில் யாராவது குடியிருப்பார்கள், அதுவும் போக்கியத்துக்கு. போக்கியப் பணம் 5 லட்சத்தை யார் திருப்பித் தருவது என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது வாங்குபவர் தலையில்தான் முடியும். சிறந்த ஏற்பாடு: குடியிருப்பவரையும் அழைத்து, பதிவுக்கு முன் பாக்கித் தொகையிலிருந்து நேராக அவர் கணக்குக்கே பணத்தை அனுப்பி, வீட்டைக் காலி செய்து சாவி வாங்கிக்கொள்வது. அறைகளை வாடகை விடுதி போல நடத்தியிருந்தால் மின் கட்டண வகையையும் சொத்துவரி வகையையும் பார்த்துக்கொள்ளவும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் முன்பணம். தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம். ஒரு லட்சம் கொடுத்தால் ஆயிரம் ரூபாய். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கத்தில் வந்துவிடும், அதே வீட்டை இன்னொருவரிடம் எளிதில் பேச முடியாது. வெறும் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டு மடித்து வைத்ததற்கு அந்தப் பலம் இல்லை. விற்பவர்கள் தயங்குவதற்கும் ஒரு நியாயம் உண்டு: பேச்சு முறிந்தால் ரத்து ஆவணமும் பதிய வேண்டும், அதற்கு வாங்குபவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதனால், கெடு தாண்டினால் எத்தனை நாளில் ரத்து, பணம் எவ்வளவு எப்போது திரும்பும் என்பதை இரு தரப்பும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். எல்லா உரிமையாளர்களும் கையெழுத்திட வேண்டும்; 'தம்பி பிறகு போடுவான்' என்பது கூடாது. வில்லங்கத்தை முன்பணம் கொடுக்கும் நாள் காலையிலும், கிரைய நாள் காலையிலும் மறுபடி பாருங்கள்.

விற்பவருக்கு வங்கிக் கடன் பாக்கி இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரு விதத்தில் அது நல்லதுதான், வங்கி வழக்கறிஞர் ஒருவர் அந்தப் பத்திரங்களை ஏற்கெனவே பார்த்திருக்கிறார். வங்கியிடம் நிலுவைத் தொகைக் கடிதம் வாங்கி, அந்தத் தொகைக்கு டிமாண்ட் டிராப்டை வங்கியின் பெயரிலேயே எடுத்துக் கடன் கணக்கில் கட்ட வேண்டும். விற்பவர் கையில் கொடுத்து 'நீங்களே கட்டிவிடுங்கள்' என்று சொல்லக் கூடாது. கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணமும் பதிவாகி வில்லங்கத்தில் வந்த பிறகே கிரையம்.

'பாதி கருப்பு, பாதி வெள்ளை' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டு விற்பனைக்காக 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு என்பதை விற்பவருக்கு நிதானமாக எடுத்துச் சொன்னால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். வாங்குபவருக்கும் நஷ்டம்: பத்திரத்தில் காட்டிய தொகைக்குத்தான் வங்கி கடன் தரும், நாளைக்கு விற்கும்போது லாபவரியும் அதை வைத்துத்தான். இதற்கு நேர்மாறாக, சந்தை விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாக உள்ள தெருக்களும் உண்டு. வித்தியாசம் 50 ஆயிரத்தையும் விலையில் 10 சதவீதத்தையும் தாண்டினால், அந்த வித்தியாசத்தை வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் வருமானவரி பிடித்தம் செய்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் வாங்குபவரே கட்ட வேண்டும். விற்பவரின் பான், ஆதாருடன் இணைக்காமல் செயலிழந்திருந்தால் பிடித்தம் பல மடங்காகிவிடும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கிரையச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். வீடு இருக்கும் இடத்தைக் காலிமனை என்று காட்டிப் பதிந்த காலம் போய்விட்டது. 2023 அக்டோபர் முதல் இட அமைவுடன் எடுத்த புகைப்படமும் ஆவணத்தில் சேர்கிறது. சொத்து விவரத்தை, பதிவுக்கு முதல் நாள் ஒருவர் தாய்ப்பத்திரத்திலிருந்து உரக்கப் படிக்க, இன்னொருவர் புதுப் பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 'வடக்கு' என்பது 'தெற்கு' ஆவதும், 125/2 என்பது 152/2 ஆவதும் அங்கேதான் நடக்கிறது. பிழைத்திருத்தல் ஆவணத்துக்கு விற்பவர் மறுபடி வந்து கைரேகை வைக்க வேண்டும். அதற்குள் அவர் துபாய் போயிருப்பார், அல்லது போன் எடுக்க மாட்டார். பாக்கித் தொகைக்கான டிராப்ட் எண்ணைப் பத்திரத்தில் எழுதிவிட்டு, விற்பவர் கைரேகை வைக்கும்போது டிராப்டைக் கொடுங்கள். அசல் தாய்ப்பத்திரங்களையும் சாவியையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், மாலையில் அல்ல.

பதிவுக்குப் பிறகு, பட்டா விற்பவர் பெயரில் இருந்து உட்பிரிவும் தேவையில்லை என்றால் தானாகவே பெயர் மாறும். உட்பிரிவு வேண்டுமென்றால் நில அளவர் வந்து அளந்த பிறகுதான். சொத்துவரி, குடிநீர், மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கான சம்மதக் கடிதங்களில் விற்பவரிடம் பதிவு நாளிலேயே கையெழுத்து வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

தங்களுக்கு ஒரு வேண்டுகோள். 'நேரடி விற்பனை' விளம்பரம் கொடுப்பவர்களிடம் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கேட்டு வாங்கி அதே வரியில் அச்சிட முடியுமா? அப்படிச் செய்தால் வாங்க நினைப்பவர் போன் எடுப்பதற்கு முன்பே வில்லங்கமும் வழிகாட்டி மதிப்பும் பார்த்துவிடலாம். எண்ணைக் கொடுக்க மறுப்பவர்களின் விளம்பரத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. எண் இல்லாமலே போடுங்கள், படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
சத்துவாச்சாரி, வேலூர்.